பழைய டிஸ்கில் நான் வைத்த பேஜ் ஃபைல்

என் மருமகள் ஒரு முகூர்த்தப் புடவைக்குக் கணினியில் முந்தி வரைந்துகொண்டிருந்த பத்து நாட்களில், அந்தக் கணினியில் நான் ஒரே ஓர் அமைப்பைத்தான் மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை என்று ஓராண்டாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இரண்டு முறை தொட்டேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் மாகறல். வேலைக்காகக் காஞ்சிபுரம் வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டேன். தெருவில் யார் வீட்டில் டிவி கெட்டாலும் மோடம் மக்கர் செய்தாலும் கடைக்காரனுக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால், பொருள் பழசு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் ஒருவனை எவ்வளவு கெடுக்கும் என்று எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

மனைவி போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நான், மகன், மருமகள், மூன்று பேர். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மருமகளும் அங்கே வேலை பார்த்தவள்தான். அங்கேதான் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எட்டு மணி நேரம் நின்றே செய்கிற வேலை. கால் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக எழும்பியதும் அவள் விட்டுவிட்டாள். அவள் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுப் பெண். கணினியில் புடவை டிசைன் போடக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தாள்.

கரையும் முந்தியும் எப்படி வரவேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் அந்த வேலை. ஒரு கட்டம், ஓர் இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை சொல்கிறபடி தறியில் இழை ஏறி இறங்கும். ஒரு வரிசை தப்பினால் மயிலுக்கு அலகு இருக்காது. அதுவரை அவளுக்குச் சின்னச் சின்னப் புட்டாப் பூக்கள்தான் வந்துகொண்டிருந்தன. மகன் அதை வேலை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. "படம் போடறது" என்பான்.

போன வைகாசியில் ஒரு பட்டுக் கடை முதலாளி அவளுக்கு ஜோடி மயில் நிற்கும் முழு முந்தி ஒன்று கொடுத்தார். நன்றாக வந்தால் தன் தறிகளுக்கெல்லாம் இனி அவளே போடலாம் என்றார். வியாழக்கிழமை மாலைக்குள் முடித்துத் தரவேண்டும். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் அந்தப் புடவைக்குத் தறியில் பாவு நூல் பிணைத்து நெசவைத் தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. கல்யாண வீட்டார் வந்து தறிக்குப் பூப்போட்டுக் கும்பிட இருந்தார்கள். அந்த நாளை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

மகனும் அவளும் என் முன்னால்தான் பேசி முடிவு செய்தார்கள். இது கைகூடினால் அவள் வீட்டிலேயே டிசைன் போடுவாள். இல்லையென்றால் பழையபடி தொழிற்சாலைக்குப் போவாள், அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் தயங்காமல் சரி என்றாள். தன் கையில் அவ்வளவு நம்பிக்கை.

அவளுடைய கணினி பழையது. நினைவகம் குறைவு. இன்னும் சேர்க்கலாமென்றால் அதன் மதர்போர்டு ஏற்காது. முந்தி போன்ற பெரிய படத்தைத் திறந்தால் நினைவகத்தில் இடம் போதாது. அப்போது கணினி என்ன செய்யும் என்றால், உடனடியாகத் தேவைப்படாததைத் தூக்கி டிஸ்கில் ஒரு கோப்பில் போட்டுவைக்கும். வேண்டும்போது எடுத்துக்கொண்டு, வேறொன்றைப் போடும். அந்தக் கோப்புக்குத்தான் பேஜ் ஃபைல் என்று பெயர். சமையல் மேடை சின்னதாக இருந்தால் பாத்திரத்தைப் பக்கத்து அலமாரியில் வைத்து வைத்து எடுப்பதைப் போல. அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு தன் சேமிப்பில் அவள் ஒரு புது எஸ்.எஸ்.டி வாங்கிப் போட்டிருந்தாள். உள்ளே சுழல்வது எதுவும் இல்லாத டிஸ்க், உள்ளங்கையில் அடங்கும். விண்டோஸ் அதில்தான் இருந்தது, பேஜ் ஃபைலும் அதிலேயே இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கையும் கழற்றாமல் வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. இதையும் எழுதிவைக்கவேண்டும். எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய வேலை வந்திருக்கிறதே, கணினியை இன்னும் வேகமாக்கித் தரலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. இணையத்தில் படித்தேன். பேஜ் ஃபைலை விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் வைக்காமல் வேறொரு டிஸ்கில் வைத்தால் வேகம் கூடும் என்று ஓரிடத்தில் இருந்தது. எஸ்.எஸ்.டி-யில் திரும்பத் திரும்ப எழுதினால் அது தேயும் என்று இன்னோரிடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்தேன். பேஜ் ஃபைலைப் பழைய டிஸ்குக்கு மாற்றினால் வேகமும் கிடைக்கும், புதுப்பொருளும் தேயாது. முதல் செய்தி இருந்த பக்கத்திலேயே கீழே, அந்த இரண்டாவது டிஸ்கும் முதலாவதைப் போல வேகமானதாக இருந்தால்தான் பலன் என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். படித்தது நன்றாக நினைவிருக்கிறது.

புதியதைத் தேயவிடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் ஒரு வியாதி. என் மனைவியின் கல்யாணப் பட்டை, உடுத்தினால் பாழாகும் என்று நான்தான் பீரோவிலேயே வைக்கச் சொன்னேன். அவள் போன பிறகு எடுத்துப் பிரித்தால் மடித்த மடிப்பிலேயே ஜரிகை இற்று, நான்கு துண்டாக வந்தது. பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு நாங்கள் பட்டை இப்படித்தான் காப்பாற்றினோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன்தான் நான். அப்படியும் புத்தி வரவில்லை.

மாற்றுவதற்கு முன் மருமகளிடம் சொன்னேன். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா என்று குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லையா, அதுபோல விண்டோஸுக்கு ஒரு டிஸ்க், பேஜ் ஃபைலுக்கு வேறு டிஸ்க், வேலை பங்கிட்டுப் போகும் என்றேன். அவளுக்குப் புரியும்படி சொன்னதாக எனக்குப் பெருமை.

அவள் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள். பிறகு சொன்னாள்.

"எங்கப்பா நெய்யும்போது எதிர்க்கரை நாடா எங்கம்மாதான் போடுவாங்க மாமா. அம்மா கை அசந்துச்சின்னா அப்பா சும்மா கையக் கட்டிக்கினு உக்காந்திருப்பாரு. ரெண்டு பேரு கையும் ஒரே வேகமா இருக்கணும். இந்தப் பழைய டிஸ்க் அந்த வேகத்துக்கு வருமா?"

இதைவிடச் சரியாக அந்த விஷயத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. நான் படித்தும் தள்ளிவிட்ட அந்த ஒரு வரி அதுதான். எனக்குச் சுருக்கென்றது.

"தறி வேற, கம்ப்யூட்டர் வேறம்மா," என்றேன். "நீ மயிலப் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

அன்று பிற்பகலே தெரிந்துவிட்டது. ஒரு நிறத்தை மாற்றினால் கண்ணிமைப்பதற்குள் மாறியது இப்போது ஒரு நிமிடம் எடுத்தது. திரையில் வட்டம் சுற்றும். பழைய டிஸ்கிலிருந்து டக், டக்டக் என்று சத்தம் வரும். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் மூச்சு வரும். மவுஸ் இரண்டு தடவை சொடுக்கும், மறுபடி டக்டக். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு அவளைப் பார்க்காமலே தெரியும்.

மெதுவாக இருக்கிறதே மாமா என்று அவள் ஒரு தடவை கேட்டாள். புது அமைப்பு, பழகுவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றேன். கணினிக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் சொல்கிற பதிலா அது? மறுநாள், மற்ற சாளரங்களை எல்லாம் மூடச் சொன்னேன். திறந்திருந்தது அந்த முந்தி ஒன்றுதான். அடுத்த நாள் அவள் தானாகவே, படம்தான் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது என்று முடிவு செய்து, பூக்களைக் குறைக்க ஆரம்பித்தாள். நான் குறைக்காதே என்று சொல்லவில்லை.

மகன் சாயங்காலம் வந்து எட்டிப்பார்ப்பான்.

"என்னா, மயிலு இன்னும் முட்டைலேர்ந்தே வெளிய வரலையா?"

"வரும். உங்க லைன் மாதிரி பெல் அடிச்சா வராது," என்பாள். முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

பேஜ் ஃபைலைத் திரும்பப் புது டிஸ்கில் வைக்க இரண்டு நிமிடம் போதும். மாற்றிவிட்டு ஒரு தடவை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவே இல்லை. சாதம் வைக்கப் போனால்கூட ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரியோ அது அவர்கள் படுக்கும் அறை. அவள் எதிரில் மாற்றவேண்டுமென்றால், நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு மாற்றவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மாமாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் எனக்குச் சீரகக் கஷாயம் போட்டுத் தந்தாள்.

புதன்கிழமை தேர். எங்கள் தெரு தேரோடும் வீதிக்கு அடுத்தது. கம்பிகளை விலக்கவேண்டும் என்பதால் காலை ஒன்பதிலிருந்து தேர் தாண்டும்வரை மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். திங்களும் செவ்வாயும் முழுக்க உட்கார்ந்து அவள் இரண்டு மயில்களையும் முடித்திருந்தாள். அன்று மாலை சேமிக்கப் போனபோது இருபது நிமிடம் ஓடி நடுவில் நின்றுபோயிற்று. புதன் காலை மறுபடி முயன்றாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு, திறந்திருப்பதை அப்படியே டிஸ்கில் பதிந்துகொண்டு அணையும்படி கணினியை உறங்கவைத்தாள்.

"சேவ் பண்ணா முடியாது மாமா, நடுவுல கரண்ட் பூடும். ஹைபர்னேட் போட்டுட்டேன். கரண்ட் வந்ததும் உட்டது உட்ட மாதிரியே எழும்," என்று சொல்லிவிட்டு, தேர் பார்க்கத் தெருமுனைக்குப் போனாள்.

ஒன்பதுக்கு மின்விசிறி நின்றது. வீட்டில் நான் மட்டும்.

பத்து நாளில் அவள் அந்த நாற்காலியை விட்டு வெளியே போனது அப்போதுதான். மின்சாரம் இல்லாததால்தான் போனாள். மின்சாரம் வந்தால் வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு வேறு நேரம் கிடைக்காது என்று பட்டது. கணினியோடு ஒரு யு.பி.எஸ் இருந்தது. வாங்கியபோது, மின்சாரம் போனாலும் பத்து நிமிடம் தாங்கியது. பேட்டரியை மாற்றவேண்டும் என்று அவள் சொன்னபோது, இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று தடுத்தவன் நான். எழுப்பி, அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி உறங்கவைத்துவிட்டால், அடுத்த தடவை அவள் அணைத்துப் போடும்போது எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. அந்த 'யாருக்கும் தெரியாது'தான் என்னை எழுப்பியது.

பொத்தானை அழுத்தினேன். திரையில் அவளுடைய முந்தி வந்தது. இரண்டு மயிலும் ஒன்றுக்கொன்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அலகு, கொண்டை, தோகையில் ஒவ்வொரு கண்ணும். நான் அதுவரை அதை முழுதாகப் பார்க்கவில்லை. அமைப்பைத் திறக்கச் சொடுக்கினேன். வட்டம் சுற்றியது. டக், டக்டக். வெளியே மேளமும் கோவிந்தா கோஷமும் கேட்டன. யு.பி.எஸ் கீச்சென்று கத்தியது. சாளரம் பாதி வந்து வெள்ளையாக நின்றது. கீச்சு கீச்சென்று விடாமல் கத்த ஆரம்பித்தது. திரும்ப உறங்கவைத்துவிடலாம் என்று மவுஸை நகர்த்தினேன். திரை கறுத்துவிட்டது.

எழுப்பிய பிறகு, உறங்கவைத்தபோது பதிந்தது மிஞ்சாது, சேமிக்காததெல்லாம் அதோடு போயிற்று என்று எனக்குத் தெரியும். நாற்காலியை அவள் விட்டிருந்த கோணத்தில் திருப்பி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

அவள் பதினொன்றரைக்கு வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. தேர் பார்க்க வந்தவர்களுக்கு ஊற்றிய நீர்மோரில் ஒரு தம்ளர் எனக்கு வாங்கி வந்திருந்தாள். குடித்தேன்.

மின்சாரம் இரண்டு மணிக்கு வந்தது. அவள் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் போய் அந்த அறை வாசற்படியில் நின்றேன். திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேமித்த கோப்பைத் தேடித் திறந்தாள். அதில் மயில்கள் இல்லை.

"நான் சரியா போடலையோ மாமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவளே கதவைத் திறந்து வைத்தாள். நான் சொன்னது இது:

"இருக்கும்மா. அவசரத்துல ஷட் டவுன் பண்ணியிருப்பே."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். நான் சொன்னதால் நம்பினாள்.

வியாழன் மாலைவரை அவள் மறுபடி வரைந்தாள். அந்த டிஸ்க் டக்டக்கென்று அவளை நிறுத்தி நிறுத்தியே விட்டது. ஆறு மணிக்கு ஒரு மயில் முடிந்திருந்தது. முதலாளிக்கு போன் செய்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாள் பார்த்தாயிற்று, பாவு பிணைப்பதை நிறுத்த முடியாது, தன்னிடம் இருக்கிற பழைய அட்டையையே முந்திக்குப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து புட்டா வேலைகூட வரவில்லை.

அன்று மகன் கேட்டபோது அவள் நடந்ததைச் சொன்னாள். சரியாக அணைக்கத் தெரியாமல் அழித்துவிட்டேன் என்று, என் வார்த்தையைத் தன் வார்த்தையாகச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்து, அப்படியா நைனா என்றான். ஆமாம் என்றேன்.

"இத்தினி நாளா அதுலதான் உக்காந்துக்கினு இருக்குற. ஒரு ஷட் டவுன் கூட ஒழுங்கா வரலன்னா எப்பிடி?" என்றான்.

நான் பேப்பரை மடித்தேன்.

அடுத்த திங்களிலிருந்து ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் அவள் போனாள். அவள் போன முதல் நாளே பேஜ் ஃபைலைப் புது டிஸ்குக்கு மாற்றினேன். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. ஒற்றை மயில் நின்ற அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பத்து நொடியில் வந்தது.

ஓராண்டு கழிந்தது. அவள் வேலை முடிந்து வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள். முடிச்சுகள் முழங்கால்வரை ஏறிவிட்டன. எதை மறந்தாலும், குழாயைத் திறந்துவிட்டாலும், எனக்கு ஒண்ணு கூட ஒழுங்கா மூடத் தெரியாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த யு.பி.எஸ் கீச்சிடும்.

போன ஞாயிறு அவள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புதன்கிழமை தேரு மாமா. ஒம்போதுலேர்ந்து கரண்ட் கிடையாதாம். எனக்கென்னா, கம்பெனில ஜெனரேட்டர் இருக்குது."

அவளை உட்காரச் சொன்னேன். மகன் கடைக்குப் போயிருந்தான். பேஜ் ஃபைலை மாற்றியது, அவள் கோர்வையைச் சொல்லிக் கேட்டது சரியென்று எனக்கு அப்போதே தெரிந்தது, தேரன்று கணினியை எழுப்பியது, அது என் கையில் அணைந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் நயமாக ஏதாவது சேர்த்துவிடுவேன் என்று பயம்.

அவள் அழவில்லை. கையில் இருந்த சீருடைச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் ஒழுங்காத்தான் போட்டிருந்தேனா?"

"ஒழுங்காத்தான்மா போட்டிருந்தே."

"இத என்கிட்ட சொல்லி என்னா ஆவுது மாமா? அவர்கிட்ட சொல்லுங்க."

மகனிடம் சொல்வது அவளிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவன் சாதத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் ரசக்கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் வாய் திறப்பதற்குள், "சாப்பிடுங்க, ஆறிப்பூடும்," என்றாள். அவர்கள் பிறகு பேசிக்கொண்டது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவேண்டியதும் இல்லை.

திங்களன்று அவள் வழக்கம்போல் பஸ்ஸுக்குப் போனாள். நான் சொன்னதால் கால் நரம்பு இறங்கிவிடாது, அந்த முதலாளி மறுபடி கூப்பிடவும் மாட்டார். ஆனால் இன்று ஞாயிறு. காலையில் அவள் கணினியின் மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு அதைப் போட்டாள். காதைப் பெட்டியருகே கொண்டுபோய்க் கேட்டாள். சத்தம் இல்லை. பேஜ் ஃபைல் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். புதுசில் என்றேன். என்னை நம்பாமல் அமைப்பைத் திறந்து தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இப்போது அந்த இரண்டாவது மயிலை வரைந்துகொண்டிருக்கிறாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. உள்ளே இருந்தால் ஏதாவது யோசனை சொல்லத் தோன்றும் என்று, காகிதத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன்.